பட்டியலில் சேராத எலி

எல் குவாயோ
12 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்கா,

உன் ஆசியைக் கேட்டுக்கொண்டு தம்பி அபெலார்தோ எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. உன் கண் எப்படி இருக்கிறது? அரைமணிக்கு ஒருதரம் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னாரே டாக்டர், பார்க்கிறாயா? பார்க்க மாட்டாய், தெரியும்.

வந்த நாள் முதல் மழை. கோவேறு கழுதை இரண்டுமுறை சறுக்கி, உன் தம்பியை ஒருமுறை ஓடையில் போட்டது. ஆனாலும் எனக்கு இருபது வயது குறைந்ததுபோல் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

குகையின் மேல்மண்ணை அள்ளியதும், கீழே மூன்று விரல் கனத்துக்குச் சுண்ணாம்புப் பொருக்கு. பாறையில் சொட்டிச் சொட்டி உறைந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு விரிசல் கிடையாது. திங்கட்கிழமை உளியும் சுத்தியலும் எடுத்து நானே உடைத்தேன். அடியில் மாவுபோலச் சாம்பல், அக்கா! உடைந்த சட்டிகள், கல் கோடரிகள், கருகிய எலும்புகள். இந்தத் தீவில் முதன்முதலாகச் சட்டி வனைந்தவர்கள் இவர்கள்தான் என்று என் மனசு சொல்கிறது. ஆயிரத்தைந்நூறு வருஷமாவது இருக்கும். ஜூன் தொல்லியல் மாநாட்டில் கட்டுரையாக வாசிக்கப் போகிறேன். எனக்கு வரவேண்டிய பதவியைப் போன வருஷம் வெளிநாட்டில் படித்துவந்த பொடியனுக்குக் கொடுத்தார்களே, அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

நிலத்துக்காரர் பெயர் தொரிபியோ. ஐம்பது வயது, காப்பித்தோட்டம் வைத்திருப்பவர்; என்னிடம் தோண்டும் வேலைக்கும் வருகிறார். இவரைப்போல மண் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை. வாய்தான் நீளம். நேற்று சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"இது எங்க ஆளுங்கதான், ஐயா."

"உங்க ஆளா? இந்தத் தீவுப் பழங்குடி எல்லாரும் வெள்ளைக்காரன் வந்து அம்பது வருஷத்துல செத்துப்போயிட்டாங்கன்னு புத்தகத்துல இருக்கே."

"அதை எழுதினவன் இந்த மலை ஏறி வந்து எண்ணிப் பாத்தானாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொசுவலைச் சல்லடையில் சலித்த மண், பதினொரு டப்பா, பஸ்ஸில் வருகிறது. நானே மெழுகு உருக்கி மூடினேன். எலும்புப் பட்டியலை ஈஸ்டருக்குள் முடித்துக் கொடு. பட்டியலில் நெரெய்தா பொலாங்கோ என்று உன் கையெழுத்து இருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான்.

அன்புடன்,
அபெலார்தோ


சாந்தோ தொமிங்கோ
3 மார்ச் 1976

அன்புத் தம்பி,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கடிதமும் டப்பாக்களும் வந்தன. மெழுகு ஒன்றிலும் உடையவில்லை. நான் நலம். முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பும் கற்பூரமும் தடவு. நீ ஓடையில் விழுந்ததை எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும் ஃபிலோமெனாவிடம் சொன்னேன். "கழுதைக்கு ஆள் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

எட்டு டப்பா முடிந்தது. இடுக்கியால் பொறுக்கிப் பொறுக்கி விரல் மரத்துவிட்டது. உன் சட்டிகளை நீ பார்த்துக்கொள். என் பங்குக்கு இந்தக் குட்டி எலும்புகள் சொல்வதை எழுதுகிறேன்.

முதலில் கூகைதானோ என்று சந்தேகப்பட்டேன். குகையில் கூகை இருந்தால் இரவெல்லாம் பிடித்துத் தின்று எலும்பை உருண்டையாகக் கக்கி வைக்கும். அதைப் பார்த்து மனிதன் தின்றான் என்று எழுதி அவமானப்பட்டவர்கள் உண்டு. ஆனால் கூகையின் வயிற்றில் போய்வந்த எலும்பு, புளியில் ஊறிய செப்புபோல அரித்திருக்கும். இவை அப்படியில்லை. முன்பற்களின் நுனியும் கால்விரல் எலும்புகளும் மட்டும் கருகியிருக்கின்றன. மற்ற இடம் வெள்ளை. தோலோடு முழுசாகத் தணலில் வாட்டினால், சதை மூடாத இடம்தான் கருகும். கூகை வாட்டித் தின்னாது.

பெரும்பாலும் ஹுத்தியா. நம் காட்டில் இன்றும் மரமேறித் திரிகிறதே, அதே பிராணி. அடுத்து, இன்று உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு மூஞ்சூறு. என் சுண்டுவிரல் நகத்தில் அதன் தாடை அடங்கிவிடும். அதையும் விடாமல் வாட்டித் தின்றிருக்கிறார்கள். அதில் என்ன சதை இருந்திருக்கும்?

இன்னும் மூன்று டப்பா பாக்கி. எட்டாவதில் கிடைத்த ஒரு தாடை என்னைக் குழப்புகிறது. நிச்சயமானதும் எழுதுகிறேன்.

உன் அக்கா,
நெரெய்தா


சாந்தோ தொமிங்கோ
30 மார்ச் 1976

அன்புத் தம்பி,

ஆசிகள். உன்னிடமிருந்து தகவலே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

குழப்பிய தாடை ஒன்றல்ல, ஏழு. மூன்று இரவு தூக்கமில்லாமல் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஹுத்தியாவின் கடைவாய்ப்பல் தட்டை. மேலே மடிப்பு மடிப்பாகக் கோடு இருக்கும். இந்த ஏழிலும் பல்லின் மேல் மூன்று வரிசையாக மொட்டு மொட்டாக இருக்கிறது. லாலோ தம்பி, இது வீட்டெலி. நம் பரணில் ஓடுகிற எலி. இந்தத் தீவில் பிறந்ததில்லை. ஸ்பானியர்களின் கப்பலில் அடித்தட்டு மாவு மூட்டைகளுக்கிடையே வந்து இறங்கியது. அவர்களுக்கு முன் இங்கே ஒரு வீட்டெலிகூடக் கிடையாது.

வளை தோண்டி உள்ளே போய்ச் செத்ததா என்று நீ கேட்பாய். ஏழுக்கும் முன்பல் நுனி கருகியிருக்கிறது. ஹுத்தியாவைப் போலவே வாட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் மூன்று விரல் கனத்துக்கு விரிசலில்லாத பொருக்கு. அதை உடைத்தவன் நீ.

அதனால் உன் அடுப்பு ஆயிரத்தைந்நூறு வருஷப் பழசில்லை. கப்பல் வந்த பிறகு எரிந்தது. வருத்தப்படுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்து மிச்சத்தையும் படி. அங்கே பன்றி எலும்பு இல்லை, மாட்டெலும்பு இல்லை, ஒரு ஆணி இல்லை, ஒரு கண்ணாடி மணி இல்லை. ஸ்பானியரோடு பழகாத ஆட்கள். ஆனால் அவர்களுடைய எலி மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணே திறக்காத எலிக்குஞ்சுகூடச் சாம்பலில் கிடக்கிறது. கீழே வயலை விட்டுவிட்டு மலையில் ஒளிந்து, மூஞ்சூறையும் எலிக்குஞ்சையும் தின்று உயிர் பிழைத்த யாரோ. எல்லாரும் செத்துப்போனதாகப் புத்தகம் சொல்கிற காலத்துக்குப் பிறகும் இருந்தவர்கள். உன் பழைய கதையைவிட இது பெரிய கதை.

சாம்பலில் எடுத்த கரியை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு. காலம் நிச்சயமாகிவிடும். உடனே பதில் எழுது.

நெரெய்தா


எல் குவாயோ
19 மே 1976

அன்புள்ள அக்கா,

ஆசி வேண்டுகிறேன். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது; பிறகு வேலை அதிகம். என் வீட்டுக்காரி மிலாக்ரோஸ் உன்னை மிகவும் விசாரித்தாள். சுருட்டுப்புகையில் இருமிக்கொண்டே அமைச்சகத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துப் போனார். தேசிய நினைவிடம் ஆக்கலாம் என்கிறார். மலைமேல் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று கேட்டார். பதினாலு என்றேன்.

எலி விஷயம். நான் விசாரித்துவிட்டேன். சலித்த மண்ணைத் தொரிபியோ தன் வீட்டு அடுப்படியில் உலர்த்தியிருக்கிறான். அந்த வீட்டில் மனிதரைவிட எலி அதிகம். அடுப்பில் விழுந்து கருகியதெல்லாம் டப்பாவில் கலந்துவிட்டது. அவ்வளவுதான்.

"யோவ், உன் வீட்டு எலி என் டப்பாக்குள்ள எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"என் வீட்டு எலிக்கு மெழுகு உருக்கி டப்பா மூடத் தெரியாதுங்க, ஐயா" என்கிறான்.

இந்தத் திமிருக்கே வேலையிலிருந்து நிறுத்தலாம். நிறுத்திவிட்டேன்.

கரி மழையில் நனைந்து கெட்டுவிட்டது.

அக்கா, அம்மா போனபிறகு எனக்கு எல்லாம் நீதான். நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஒரே ஒரு தடவை, ஒரு மேடையில் என் பெயரைச் சொல்லப் போகிறார்கள். கலப்படமான ஏழு தாடையால் அது நின்றுபோக வேண்டுமா? பட்டியலில் இந்தத் தீவுப் பிராணிகள் மட்டும் இருந்தால் போதும். அதில் பொய் ஒன்றுமில்லையே. ஜூன் பத்துக்குள் வேண்டும்.

உன் தம்பி,
அபெலார்தோ


சாந்தோ தொமிங்கோ
4 ஜூன் 1976

தம்பி,

ஆசிகள். காய்ச்சல் விட்டதில் மகிழ்ச்சி. கொதிக்கவைத்த தண்ணீர் குடி. இங்கே மாமரங்கள் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கின்றன. ஃபிலோமெனாவின் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது.

பட்டியலை இணைத்திருக்கிறேன். பதினொரு வகை. பன்னிரண்டாவது இல்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மிலாக்ரோஸுக்கு என் அன்பு.

நெரெய்தா


சாந்தியாகோ
2 ஜூலை 1976

அன்புள்ள அக்கா,

ஆசி வேண்டும் தம்பியின் வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

எழுந்து நின்று கைதட்டினார்கள்! பொடியன் வந்து கைகொடுத்தான். மூஞ்சி எப்படிப் போயிற்று என்று நீ பார்த்திருக்க வேண்டும். பத்திரிகையில் என் படம் போட்டிருக்கிறார்கள், தொப்பியோடு. நன்றியுரையில் உன் பெயர் முதலில். கேட்டவர்கள், "அந்த அம்மா கையெழுத்துப் போட்டாங்கன்னா சரிதான்" என்றார்கள்.

மலை முழுவதையும் வேலி போட்டு நினைவிடமாக அறிவிக்கிறார்கள். 'ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்டபின் அண்மைக்காலம்வரை மனிதர் வாழ்ந்த தடயமில்லை' என்ற என் வரியை அப்படியே உத்தரவில் சேர்த்திருக்கிறார்கள். மேலே இருக்கும் குடும்பங்களுக்குச் சமவெளியில் சிமெண்ட் வீடு. அவர்களுக்கும் நல்லதுதானே, மழையில் சறுக்கி விழவேண்டாம்.

நீ எழுதிய கடிதம் சின்னதாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அபெலார்தோ


எல் குவாயோ
14 ஆகஸ்ட் 1976

மரியாதைக்குரிய அம்மா நெரெய்தா பொலாங்கோ அவர்களுக்கு,

வணக்கம். நான் தொரிபியோ கந்தெலாரியோவின் மகள் கசில்தா. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். தப்பிருந்தால் மன்னிக்கவும். தாங்கள் நலமாயிருக்க கன்னிமாதாவை வேண்டுகிறோம்.

எலும்புக்காரம்மா, உங்களை நான் பாத்ததில்ல. ஆனா உங்க தம்பி தினம் உங்களைப் பத்திப் பேசுவாரு. எங்கக்கா கண்ணுல ஒண்ணும் தப்பாதும்பாரு. அதான் உங்ககிட்ட கேக்கறேன்.

உத்தரவு வந்திருக்கு. செப்டம்பர் கடைசிக்குள்ள பதினாலு வீடும் காலி பண்ணணுமாம். நாங்க நேத்து வந்து குந்தினவங்களாம். எங்க பாட்டனுக்குப் பாட்டன் இங்கதான் இருந்தான்னு சொன்னா, காகிதம் காட்டுங்கறாங்க. மரவள்ளிக்கிழங்கு காகிதமா குடுக்கும்?

அது ஒரு பக்கம். இன்னொண்ணு இருக்கு. என் அடுப்படி மண்ணு கலந்து ஐயா வேலை கெட்டுச்சுன்னு கடைத்தெரு வரைக்கும் பேசறாங்க. காப்பி வாங்கறவன் எங்கிட்ட, "உன் மூட்டையில எலி இருக்குமோ?"ன்னு சிரிக்கறான். அம்மா, அந்த மண்ணு என் வீட்டுப் படியேறல. குகை வாசல்லயே தகரத்த விரிச்சு வெயில்ல காயவெச்சோம். டப்பாவுல போட்டது ஐயா, மூடினது ஐயா. எலிவளை இருந்தா மண்ணோட நெறம் மாறும், எனக்குத் தெரியாதா? ஒரு வளைகூட இல்ல.

நான் கெட்டவனா இருந்தா இருந்துட்டுப் போறேன். நீங்க பாத்தது என்ன? அதை மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு, அப்பாவின் கைநாட்டு கீழே.
கசில்தா கந்தெலாரியோ


சாந்தோ தொமிங்கோ
20 ஆகஸ்ட் 1976

மதிப்புக்குரிய தொரிபியோ அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் கசில்தாவும் நலமாயிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன்.

உங்கள் மண்ணில் கலப்படம் இல்லை. மெழுகு உடையாமல் என் கைக்கு வந்தது. அதில் ஏழு எலித் தாடைகளைப் பார்த்தேன். மனிதர் தணலில் வாட்டித் தின்ற எலிகள். கப்பல் வந்த பிறகு அந்தக் குகையில் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், பசியோடு இருந்தார்கள். அவர்கள் உங்கள் பாட்டன்மார்தானா என்று எலும்பு சொல்லாது. ஆனால் மலை காலியாகக் கிடந்தது என்பது பொய்.

அந்தப் பொய்யின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. தெரிந்தேதான் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. முப்பது வருஷமாக நான் எண்ணிய எலும்பு ஒன்றும் தப்பியதில்லை. இந்த ஏழை விட்டேன், உங்கள் பெயர் கெட்டுப்போக விட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

திருத்திய பட்டியலை இன்று எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன், ஏழு தாடைகளோடு. அதன் நகல் ஒன்றில் கையெழுத்திட்டு இதில் வைத்திருக்கிறேன். நீதிபதியிடம் காட்டுங்கள். என் தம்பிக்கும் இன்றே எழுதித் தெரிவித்துவிட்டேன்.

நெரெய்தா பொலாங்கோ


எல் குவாயோ
6 அக்டோபர் 1976

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஓய்வு உத்தரவு கைக்கு வந்திருக்கும். பார்வை மங்கியதால் நேர்ந்த பிழை என்று இயக்குநரிடம் எடுத்துச் சொன்னவன் நான். இல்லாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று போயிருக்கும். மரியாதையாக முடித்துக்கொடுத்தேன். நன்றி சொல்லவேண்டாம்.

ஏழு தாடைகளும் பரிசீலனையில் இருக்கின்றனவாம். எங்கே, யாரிடம் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

செப்டம்பர் 28 அன்று லாரிகள் வந்தன. அழுகை, கூச்சல் எல்லாம் ஒரு காலையோடு சரி. உன் காகிதத்தை அந்த ஆள் நீதிபதியிடம் நீட்டினானாம். பணியில் இல்லாதவரின் காகிதம், முத்திரை கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு விஷயம் உனக்குப் புரியவே இல்லை. எலி தின்று பதுங்கிக் கிடந்தவர்களைப் பார்க்க எவன் மலையேறி வருவான்? ஜனங்களுக்குப் பெருமையாக ஒன்று வேண்டும். அதைக் கொடுத்தேன். யாரோ ஒரு மலைக்காரனுக்காகக் கூடப்பிறந்தவனை விற்றாய். நன்றாக இரு.

அபெலார்தோ


கதவு எண் 14, மாடி அறை
சான் கார்லோஸ், சாந்தோ தொமிங்கோ
15 நவம்பர் 1976

அபெலார்தோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். ஆய்வுக்கூடக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் நேற்றுதான் இந்த அறைக்கு வந்தேன். இந்த முகவரியை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். இடது கண் கொஞ்சம் மங்கல்தான். வலது கண் நன்றாகவே தெரிகிறது.

போன வாரம் கசில்தா பஸ்ஸில் இரண்டு சாக்கு மண் கொண்டுவந்தாள். லாரியில் ஏற்ற, தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மற்றவர்கள் கோழியும் கட்டிலும் ஏற்றியபோது தொரிபியோ குகைக்குக் கீழே சரிவில் இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு வந்தாராம். சிப்பாய் ஒருவன், "மண்ணையா தூக்கிட்டுப் போற, கிழவா? அங்க மண்ணே இல்லன்னு எவன் சொன்னான்?" என்று சிரித்தானாம். அவர் கசில்தாவிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை இது:

"பெரிய சல்லடையில வந்தத ஐயா ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. சிலத டப்பாவுல போட்டாரு, சிலத சரிவுல வீசினாரு. குப்பைன்னு நெனச்சேன்மா. இப்பதான் புரியுது."

சமையல் பாத்திரத்திலேயே அலசினேன். அறுபத்து மூன்று எலித் தாடைகள். எல்லாவற்றிலும் முன்பல் நுனி கருகியிருக்கிறது. நான் கண்ட ஏழும் உன் கைக்குத் தப்பியவை. என் முதல் கடிதம் உனக்கு வருவதற்கு முன்பே, சுத்தியலை எடுத்த அந்த வாரத்திலேயே, உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் தொரிபியோவின் அடுப்படியைக் காட்டினாய். என் கண்ணையும் காட்டிவிட்டாய்.

சரிவிலிருந்து அள்ளிய எலும்பு எதற்கும் செல்லாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்த அடுக்கில் கிடந்தது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் எலும்பு அநாதை. சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். நான்கு வரி எழுது. 'பொருக்குக்குக் கீழே, சாம்பலிலிருந்து எடுத்து, சரிவில் எறிந்தேன்.' அந்த நான்கு வரி இருந்தால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்கிறார். பதினாலு குடும்பம் தண்ணீரில்லாத சிமெண்ட் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குச் செய்ததை நான் பேசவில்லை. நான் போட்ட கையெழுத்துக்கு அது சரியான கூலி. இதை மட்டும் எழுது, லாலோ. எழுதினால் உன் பெயர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
நெரெய்தா


எல் குவாயோ நினைவிட அலுவலகம்
11 டிசம்பர் 1976

அன்புள்ள அக்கா,

உன் ஆசியை வேண்டி, வரப்போகும் திருநாளுக்கு எங்கள் இருவரின் வாழ்த்துகள். மாதக்கணக்காக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, கவலையாக இருக்கிறது. மலைத் தபாலில் கடிதங்கள் தொலைவது உனக்குத் தெரியுமே. கோபம் ஏதும் இருந்தால் மறந்துவிடு. உடன்பிறந்தவர்களுக்குள் இதெல்லாம் சகஜம்.

எனக்கு நிர்வாகி பதவி உறுதியாகிவிட்டது. குகை வாசலில் படிக்கட்டு கட்டுகிறார்கள். மிலாக்ரோஸ் பன்றிக்கறியும் மரவள்ளி ரொட்டியும் செய்து உனக்கு அனுப்ப ஆசைப்படுகிறாள். குளிர்காலத்தில் கண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்.

என்றும் அன்புள்ள தம்பி,
அபெலார்தோ


கதவு எண் 14, மாடி அறை
சான் கார்லோஸ், சாந்தோ தொமிங்கோ
18 டிசம்பர் 1976

மதிப்புக்குரிய தொரிபியோ அவர்களுக்கு,

வணக்கம். புது இடத்தில் உங்களுக்கு இருமல் என்று கசில்தா சொன்னாளே, குறைந்ததா? தண்ணீர் லாரி வாரத்தில் இரண்டு நாளாவது வருகிறதா?

தம்பியிடமிருந்து பதில் வந்தது. என் கடிதம் அவனுக்குக் கிடைக்கவே இல்லையாம். நான் இங்கே குடிவந்தது அவனுக்கு எழுதிய அந்த ஒரு கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. உறையின் மேல் கதவு எண், மாடி அறை, எல்லாம் சரியாக, அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறான். சின்ன வயதில் சிலேட்டில் அவனுக்கு எழுதப் பழக்கியது நான்தான்.

அதனால் வக்கீலிடம் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. உங்களுக்கு நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற மாட்டேன். மலை திரும்பக் கிடைக்காது.

அறுபத்து மூன்றையும் கழுவி, உலர்த்தி, பருத்தித் துணியில் கட்டியிருக்கிறேன். எண் கிடையாது, அடுக்கு கிடையாது. எந்த அருங்காட்சியகமும் இவற்றைக் கேட்டு வராது. கசில்தா அடுத்தமுறை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். யாருடைய எலும்பு மிச்சம் என்று என்னால் எழுதித்தர முடியாது. பசித்த மனிதர்கள் தின்றது என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி, உள்ளே வைத்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நெரெய்தா பொலாங்கோ